லிப்போ சார்ஜ் நேரம்: கணக்கு எங்கே தப்புகிறது?

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு மேசை, அதன்மேல் லிப்போ என்கிற லித்தியம் பாலிமர் பேட்டரிகளை ஏற்ற இரண்டு சார்ஜர், காலடியில் ஒரு மணல் வாளி. தெர்மாகோல் விமானம் பறக்கவிடுகிற பையன்கள், கல்யாண வீடுகளில் டிரோன் ஓட்டுகிற தம்பிகள், காலேஜ் புராஜெக்டுக்கு ரோபோ செய்கிறவர்கள் என்று யாராவது போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இது எப்போ ஃபுல் ஆகும்?"

பதில் சொல்ல எனக்கு மூன்று எண்கள் வேண்டும். பேட்டரியில் எவ்வளவு குறைந்திருக்கிறது, உள்ளே நிஜமாக எவ்வளவு கரண்ட் போகிறது, கடைசியில் ஊர்ந்து ஏறுகிற நேரம் எவ்வளவு. நேரம் தப்பிப்போனால் வகுத்தலில் பிழை இருக்காது. இந்த மூன்றில் ஏதோ ஒன்றை மீட்டரைப் பார்க்காமல் லேபிளைப் பார்த்து எழுதியிருப்போம். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்கிற வேலைதான்.

முதலில் சரியான கணக்கு

எல்லோரிடமும் இருக்கிற 3 எஸ், 2200 எம்.ஏ.ஹெச் (மில்லியாம்பியர்-மணி, அதுதான் கொள்ளளவு) பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 3 எஸ் என்றால் மூன்று செல் தொடராக. ஒரு செல் நிரம்பினால் 4.20 வோல்ட். பறந்து வந்து அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால், செல்லுக்கு 4.02 என்றால் சுமார் 80 சதவீதம் இருக்கிறது, 3.84 என்றால் பாதி, 3.73 என்றால் 20 சதவீதம். உங்கள் மீட்டர் 3.73 காட்டினால் நிரப்பவேண்டியது 80 சதவீதம், அதாவது 1760 எம்.ஏ.ஹெச். முழு 2200 இல்லை. பாதிப் பேர் இங்கேயே தப்பிவிடுகிறார்கள்.

சார்ஜ் செய்வது 1 சி-யில். பேட்டரியின் கொள்ளளவு எண்ணை அப்படியே ஆம்பியராக வைத்தால் அது 1 சி, 2200க்கு 2.2 ஆம்பியர். பேட்டரி மேல் பெரிதாக 35 சி என்று அச்சடித்திருப்பது வெளியே இழுக்கிற கரண்டுக்கு. அதைப் பார்த்து சார்ஜ் கரண்டை ஏற்றிவைத்த ஒருவரை எனக்குத் தெரியும், அவர் வீட்டுத் திரைச்சீலையும் தெரியும்.

1760ஐ 2200ஆல் வகுத்தால் 0.8 மணி, 48 நிமிடம். ஆனால் கடிகாரத்தில் 65 முதல் 75 நிமிடம் ஆகும். மிச்ச நேரம் எங்கே போனது?

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வந்து பழகியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எல்லாம் வேகமாக ஓடி வருகிற வண்டி, பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் சென்ட்ரலுக்குள் நுழைய ஊர்ந்துகொண்டு போகும், நிற்கும், மறுபடி ஊரும். தூரம் கொஞ்சம்தான், நேரம் தின்னும். லிப்போவும் அப்படித்தான். முதல் கட்டத்தில் சார்ஜர் ஒரே அளவு கரண்டைத் தள்ளும். செல் 4.20 வோல்ட் தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். ஆரம்பித்த கரண்டில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் "ஃபுல்" என்று பீப் அடிக்கும். 1 சி-யில் இந்த ஊர்தல் 15 முதல் 25 நிமிடம்.

பழைய ஆட்கள் 1.4ஆல் பெருக்கச் சொல்வார்கள். அது நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம்; அவை வாங்கிய சார்ஜில் கணிசமான பங்கைச் சூடாக்கி வீணடிக்கும். லிப்போ போட்டதை ஏறக்குறைய முழுசாகவே திருப்பித் தரும். அதனால் பெருக்காதீர்கள். வகுத்த விடையோடு 20 நிமிடம் கூட்டுங்கள், போதும்.

"உப்பியிருக்கு அண்ணே, சார்ஜ் போட்டா எவ்ளோ நேரம் ஆகும்?"

போடாதீர்கள். இதற்கு நேரக் கணக்கு கிடையாது. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று சொல்பவர்களிடம் பேட்டரியைக் காட்டவே வேண்டாம். காயலான் கடையிலும் போடாதீர்கள், அங்கே சுத்தியல்தான் முதல் கருவி. தனியாக மணலில் வைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

"ஒரு மணி நேரம்னு கணக்கு, மூணு மணி நேரம் ஆகுது"

அதிகம் வருகிற புகார் இதுதான். நீங்கள் 2.2 ஆம்பியர் என்று செட் செய்தது உங்கள் விருப்பம். உள்ளே போவது சார்ஜரின் சக்தி. பேட்டரி மாட்டி ஐந்து நிமிடம் கழித்துத் திரையில் ஓடுகிற ஆம்பியரைப் பாருங்கள். அது செட் செய்ததைவிடக் குறைவா? அப்படியானால் மூன்று இடங்களில் தேடவேண்டும்.

முதலாவது, சார்ஜரின் வாட். பி6 வகை சார்ஜரில் 5 ஆம்பியர் வரை செட் செய்யலாம், ஆனால் அதன் சக்தி 50 வாட். வாட்டை வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர். 3 எஸ் பேட்டரிக்கு 50ஐ 12.6ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4 ஆம்பியர், பிரச்சினை இல்லை. 4 எஸ்-க்கு 16.8ஆல் வகுத்தால் 3 ஆம்பியர்தான். 6 எஸ்-க்கு 25.2ஆல் வகுத்தால் வெறும் 2. ஆக 6 எஸ், 5000 எம்.ஏ.ஹெச் பேட்டரியை மாட்டி 5 ஆம்பியர் செட் செய்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்து பார்த்தால், ஏறவேண்டியதில் பாதிதான் ஏறியிருக்கும். 4000 எம்.ஏ.ஹெச் நிரப்ப இரண்டு மணி நேரம், அதற்குமேல் ஊர்தல். சார்ஜர்மேல் தப்பில்லை, அது தன் அட்டையில் வாட்டை எழுதித்தான் வைத்திருக்கிறது.

இரண்டாவது, சார்ஜருக்குத் தீனி போடுகிற அடாப்டர். நம் பக்கத்தில் எல்லோர் வீட்டிலும் ஒரு பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் கிடக்கும், 12 வோல்ட், ஒன்றரை ஆம்பியர். பெருக்கினால் 18 வாட். சார்ஜர் தன் பங்குக்குக் கொஞ்சம் சூடாக்கித் தின்றதுபோக 15 வாட் மிஞ்சும். 3 எஸ்-க்கு அது 1.2 ஆம்பியர். 1760ஐ 1200ஆல் வகுத்து ஊர்தலையும் சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். கணக்கு சரியாக வந்துவிடுகிறது பாருங்கள்.

லேபிளையும் நம்பவேண்டாம். நான் ஒரு முறை 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று எழுதியிருந்த அடாப்டர் வாங்கிவந்தேன். கையில் எடுத்தபோதே எடை இல்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். 2 ஆம்பியர் தாண்டியதும் வோல்டேஜ் பத்துக்குக் கீழே சரிந்தது, சார்ஜர் கத்தியது. மல்டிமீட்டரை அடாப்டரின் வெளிமுனையில் வைத்துக்கொண்டு சார்ஜ் கரண்டை அரை அரை ஆம்பியராக ஏற்றுங்கள். வோல்டேஜ் எங்கே விழத் தொடங்குகிறதோ, அதுதான் அந்த அடாப்டரின் உண்மையான எல்லை.

மூன்றாவது, மூன்று குட்டி விளக்கு மட்டும் இருக்கிற பெட்டிச் சார்ஜர். திரை கிடையாது, செட்டிங் கிடையாது. பேலன்ஸ் ஒயர் (ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாகப் போகிற மெல்லிய ஒயர்க்கொத்து) வழியாகவே ஒவ்வொரு செல்லையும் சுமார் 800 மில்லியாம்பியரில் நிரப்பும். 1760ஐ 800ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஊர்தலோடு இரண்டரை. இதில் சரிசெய்ய எதுவும் இல்லை. மெதுவாக ஏற்றுவது பேட்டரிக்கு நல்லதுதான், பையன்களுக்குத்தான் பொறுமை இல்லை.

"தொண்ணூறு வரைக்கும் ஓடுது, அப்புறம் நகரவே மாட்டேங்குது"

பேசின் பிரிட்ஜ். இருபது நிமிடம் வரை அது நோய் இல்லை. அவசரமாக வேண்டுமென்றால் அந்த இடத்திலேயே கழற்றிக்கொண்டு போகலாம். பறக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறையும்.

ஆனால் நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் என்று இழுத்தால் செல்கள் சமமாக இல்லை. பேலன்ஸ் ஒயரைச் சார்ஜரில் மாட்டி, மூன்று செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு 4.20ஐத் தொட்டுவிட்டு, ஒன்று மட்டும் 4.12, 4.13 என்று தடவிக்கொண்டிருக்கும். முன்னால் ஓடிய இரண்டையும் சார்ஜர் பிடித்து நிறுத்தி, பின்தங்கியதை ஏற்றவேண்டும். பி6 வகையில் அந்தச் சமன்செய்கிற கரண்ட் அதிகபட்சம் 300 மில்லியாம்பியர். ஒரு செல் 200 எம்.ஏ.ஹெச் பின்தங்கியிருந்தால் 40 நிமிடம் அதற்கே போய்விடும்.

இங்கே ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது அளந்தால் 3.80, 3.80, 3.77 என்று காட்டும். "0.03 தானே" என்று விட்டுவிடுவோம். லிப்போவின் வோல்டேஜ் அந்த நடுப்பகுதியில் கிட்டத்தட்டச் சமதளம், 3.80 என்றால் 40 சதவீதம், 3.77 என்றால் 30. அந்த 0.03-க்குள் பத்து சதவீதம் ஒளிந்திருக்கிறது. அதனால் செல் வித்தியாசத்தை மேலே, 4.1 தாண்டிய பிறகு பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் அதே செல்தான் பின்தங்குகிறதா? அது கிழடு தட்டிவிட்டது. இரண்டு மூன்று முறை மெதுவாக அரை சி-யில் பேலன்ஸ் சார்ஜ் போட்டுப் பாருங்கள். தேறவில்லையென்றால் அந்த பேட்டரியைத் தரையில் ஓடுகிற காருக்கு ஒதுக்கிவிடுவது என் வழக்கம். வானத்தில் நம்பமாட்டேன்.

"இருபது நிமிஷத்துல ஃபுல்னு சொல்லுது, ஜாலி"

ஜாலி இல்லை. திரையில் எத்தனை எம்.ஏ.ஹெச் உள்ளே போனது என்று பாருங்கள். 500 என்று காட்டினால் இரண்டில் ஒன்று. பேட்டரி ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது; அப்படியென்றால் சந்தோஷம். இல்லை, காலியாகத்தான் வந்தது என்றால் பேட்டரியின் உள்தடை ஏறிவிட்டது.

அதை இப்படிப் பாருங்கள். செல்லின் உள்தடை 50 மில்லிஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 2.2 ஆம்பியர் தள்ளும்போது அந்தத் தடையிலேயே 0.11 வோல்ட் நிற்கும். சார்ஜர் 4.20 என்று பார்க்கும் நேரத்தில் செல்லுக்குள் இருப்பது 4.09 தான். அதனால் சீக்கிரமே கரண்டைக் குறைக்க ஆரம்பித்துவிடும். ஆகவே கிழ பேட்டரி விசித்திரமாக நடந்துகொள்ளும்: 4.20ஐச் சட்டென்று தொடும், மிச்ச நேரமெல்லாம் ஊரும், கடைசியில் உள்ளே போனது கொஞ்சமாக இருக்கும். சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். நல்ல செல் 4.18, 4.19-இல் நிற்கும். 4.10-க்கு இறங்கியிருந்தால் அந்த "ஃபுல்" பொய்.

தீர்ப்பு சொல்லும் முன் எக்ஸ்டி60 கனெக்டரையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் பித்தளை கறுத்துவிடும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை யார் வீட்டிலும் இந்த உப்புக்காற்றுக்குத் தப்பமுடியாது. கறுத்த கனெக்டரும் தடைதான், சார்ஜருக்கு வித்தியாசம் தெரியாது.

"பாதியிலேயே நின்னுடுது"

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். படிக்காமல் போன் போடுகிறவர்கள்தான் அதிகம்.

பல சார்ஜர்களில் பாதுகாப்புக்காக ஒரு நேர வரம்பும் ஒரு கொள்ளளவு வரம்பும் இருக்கும். பெரும்பாலும் 120 நிமிடம், 5000 எம்.ஏ.ஹெச் என்று வைத்தே வரும். ராயபுரத்துத் தம்பி ஒருவன் மூன்று 2200 பேட்டரிகளை இணையாக ஒரு போர்டில் மாட்டி 3 ஆம்பியரில் போட்டான். இணையாக மாட்டினால் கொள்ளளவு கூடும், 6600. அதில் 80 சதவீதம் 5280. மூன்றால் வகுத்தால் ஒன்றே முக்கால் மணி, ஊர்தலோடு இரண்டு மணி தாண்டும். 5000 எம்.ஏ.ஹெச் போனதும் சார்ஜர் நிறுத்திவிட்டது. அவன் ஃபுல் என்று நினைத்துக் கழற்றிக்கொண்டு போனான். செட்டிங்கில் போய் வரம்பைக் கணக்குக்கு ஏற்ப ஏற்றிவையுங்கள். ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள், கெட்டுப்போன செல்லை நிறுத்த அதுதான் கடைசி ஆள்.

இணையாக மாட்டுவதைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: மாட்டும் முன் எல்லா பேட்டரியும் செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். நிறைந்ததையும் காலியானதையும் சேர்த்தால் ஒன்று மற்றதற்குள் சார்ஜர் இல்லாமலேயே பாயும்.

செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனதால் சார்ஜர் ஏற்க மறுக்கிறது என்றால், அதை நிக்கல் மோடில் போட்டு ஏமாற்றி எழுப்புகிற வித்தையை நான் சொல்லித்தர மாட்டேன்.

"குட்டி போர்டு கொதிக்குது, சிவப்பு விளக்கு அணையவே மாட்டேங்குது"

ஒரு செல் வேலைகளுக்கு எல்லோரும் வாங்குவது டிபி4056 என்கிற குட்டி சார்ஜ் போர்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் டீ குடிக்கிற காசுக்குப் பக்கத்தில் கிடைக்கும். அது வரும்போதே 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருக்கும். 500 எம்.ஏ.ஹெச் செல்லை அதில் மாட்டினால் அது 2 சி. நேரம் பாதியாகக் குறைகிறதே என்று மகிழவேண்டாம், செல்லின் ஆயுளும் கூடவே குறைகிறது.

போர்டில் 122 என்று எழுதிய ஒரு பொடி ரெசிஸ்டர் இருக்கும், 1.2 கிலோஓம். 1200ஐ அந்தக் கிலோஓம் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய மில்லியாம்பியர் வந்துவிடும். 2.4 கிலோஓம் போட்டால் 500. பொம்மை டிரோனின் 150 எம்.ஏ.ஹெச் செல்லுக்கு 10 கிலோஓம் போடுங்கள், 120, 130 மில்லியாம்பியர் போகும்.

போர்டு சூடாவது இயல்பு. 5 வோல்ட் வாங்கி 3.7 கொடுக்கிறது, மிச்சம் 1.3 வோல்ட், 1 ஆம்பியரில் 1.3 வாட் வெறும் சூடாகத்தான் போகவேண்டும். சூடு அதிகமானால் சிப் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும், நேரம் நீளும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இது அப்பட்டமாகத் தெரியும். அந்த நாட்களில் எந்த லிப்போவையும் விடியற்காலையில் சார்ஜ் போடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான செல்லில் கரண்ட் ஏற்றவே கூடாது. பறந்து வந்த பேட்டரி கையில் வெதுவெதுப்பு அடங்கும்வரை காத்திருக்கவேண்டும்.

சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் வேறு கதை. 1 ஆம்பியரில் அமைத்த போர்டு, கரண்ட் 100 மில்லியாம்பியருக்கு இறங்கினால்தான் "முடிந்தது" என்று எண்ணும். சார்ஜ் ஏறும்போதே உங்கள் ரோபோவையும் ஆன் செய்து வைத்திருந்தால், அது 120 மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணிக்கை ஒருநாளும் வராது. சுவிட்சை அணையுங்கள், விளக்கு நிறம் மாறும்.

"பவர் பேங்க் 20000, சார்ஜர் 2 ஆம்பியர், பத்து மணி நேரம் தானே?"

விடை பக்கத்தில் வந்தாலும் வழி தப்பு. 20000 என்பது 3.7 வோல்ட்டில், 2 ஆம்பியர் என்பது 5 வோல்ட்டில். இரண்டையும் வாட்டுக்கு மாற்றுங்கள். 74 வாட்-மணி, 10 வாட். 7.4 மணி, மாற்றுவதில் போகிற சேதத்தோடு எட்டரை, ஒன்பது.

"மூணு பேட்டரி மாட்டினேன், ரெண்டுதான் ஏறியிருக்கு"

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவனுக்கு முகூர்த்தம் காலை 6 மணிக்கு. மண்டபத்திலேயே அதிகாலை 3 மணிக்கு மூன்று டிரோன் பேட்டரிகளையும் ஹப்பில் (பல பேட்டரிகளை ஒன்றாக மாட்டுகிற சார்ஜர்) மாட்டினான். ஒரு பேட்டரிக்கு 70 நிமிடம் என்று அவனுக்குத் தெரியும், அதனால் 4.10-க்கு மூன்றும் தயார் என்று தூங்கிவிட்டான். 5.45-க்கு எழுந்து பார்த்தால் இரண்டு ஃபுல், மூன்றாவது பாதிகூட இல்லை.

இந்த ஹப்கள் பெரும்பாலும் வரிசையில் ஒவ்வொன்றாகத்தான் ஏற்றும். முதலாவது 4.10, இரண்டாவது 5.20, மூன்றாவது 6.30. அவன் ஓட்டவேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணியிருந்தால் மூன்றரை மணி நேரம், ஆக இரவு 2.30 மணிக்காவது மாட்டியிருக்கவேண்டும். முந்தின இரவு தூங்கும் முன் முடிப்பதே என் யோசனை, பக்கத்தில் ஆள் விழித்திருக்கும்போது. மண்டபத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் வருகிற வரைக்குமான இடைவெளியும் கணக்கில் வராது. வடசென்னை அனல் மின் நிலையம் அத்திப்பட்டில்தான் இருக்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில் உதவாது.

அப்புறம், போன வாரமே ஃபுல் செய்து வைத்தேன், இப்போது குறைந்திருக்கிறது என்றால் அது கோளாறு இல்லை. அந்த வகை டிரோன் பேட்டரிகள் பலவும் சில நாட்கள் சும்மா கிடந்தால் தாமாகவே இறக்கிக்கொள்ளும்.

"ஸ்டோரேஜ் மோடில் போட்டேன், ராத்திரி முழுக்க ஓடுது"

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் இரண்டு மாதம் எங்கள் பக்கத்தில் யாரும் விமானம் எடுப்பதில்லை. நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்தால் உப்பும், அதனால் செல்லுக்கு 3.80, 3.85 வரை இறக்கிவைக்கவேண்டும். சார்ஜ் ஏற்ற 50 வாட் வைத்திருக்கிற பி6, இறக்குவதற்கு வைத்திருப்பது 5 வாட் மட்டும். 4 எஸ், 5000 பேட்டரியில் மொத்தம் 74 வாட்-மணி. பாதி இறக்க 37. ஐந்தால் வகுத்தால் ஏழரை மணி நேரம்! சார்ஜர் கெடவில்லை, அதன் கை அவ்வளவு சின்னது.

3 எஸ் பேட்டரிக்கு நான் பைக் இண்டிகேட்டர் பல்ப் வைத்திருக்கிறேன், 12 வோல்ட், 10 வாட், ஒரு எக்ஸ்டி60 வால் சேர்த்து ஈயம் வைத்தது. 2200 பேட்டரியில் பாதி என்றால் 12 வாட்-மணி, ஒரு மணி பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். பேலன்ஸ் ஒயரில் வோல்டேஜ் பஸ்ஸரைச் செருகி 3.8-இல் அலற வைத்துவிடுவேன். பல்ப் எரியும்போது வோல்டேஜ் கொஞ்சம் தாழ்ந்தே காட்டும். பஸ்ஸர் கத்தியதும் கழற்றிவிட்டால் சிறிது நேரத்தில் அது 3.82, 3.83-க்கு ஏறி நின்றுகொள்ளும்.